கண்ணாடிக் கலமும் காணிக்கை உண்டியலும்

பிள்ளையில்லை என்றதும் பெண்ணுக்கு நம் சமுதாயம் சூட்டிய பட்டம் மலடி! அரசமரத்தைச் சுற்று, விரதம் இரு, உண்டியலை நிரப்பு என ஏவினோமேயன்றி, உடலிலே உற்ற குறை யாதென ஆராய்ந்தோமா? ஆணிடத்தும் குறை இருக்கக்கூடும் என எண்ணியதுண்டா?

ஆராய்ந்தனர், இங்கிலாந்திலே மூவர். உடலியல் அறிஞர் இராபர்ட் எட்வர்ட்ஸ், மருத்துவர் பாட்ரிக் ஸ்டெப்டோ, செவிலியாய்ப் பயின்று ஆய்வாளரான ஜீன் பர்டி. கருக்குழாய் அடைபட்ட பெண்ணின் கருமுட்டையை எடுத்து, கண்ணாடிக் கலத்திலே விந்தணுவோடு சேர்த்து, உருவாகும் கருவை அவள் கருப்பையிலேயே வைக்கலாம் என்பது அவர்தம் துணிபு. உடலுக்கு வெளியே மனிதக் கருமுட்டை கருவுற்ற செய்தி 1969இல் வெளியாயிற்று.

சீற்றம் பிறந்தது! படைப்பவன் ஆண்டவன், இடையிலே மனிதன் புகுவதா என்றனர் மதவாதிகள். அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமோ 1971இல் பணம் தர மறுத்தது. மக்கட்பெருக்கைத் தடுப்பதன்றோ முதற்பணி என்றெண்ணினர். பிறக்கும் குழந்தைக்கு ஊறு நேருமோ எனவும் ஐயுற்றனர். பின்னது நேர்மையான கேள்வி. அதனை நாம் இகழோம். ஆனால், குழந்தையில்லாதோர் துயரைத் துயரென்றே கருதாத நெஞ்சத்தை என்னென்பது?

நன்கொடையைத் துணைகொண்டு உழைத்தனர் மூவரும். தோல்விமேல் தோல்வி! எனினும் துவண்டாரில்லை. 1978 சூலை 25 அன்று, ஓல்டாம் நகர மருத்துவமனையிலே லூயி பிரவுன் பிறந்தாள். வானம் இடிந்து விழவில்லை, வையம் புரண்டுவிடவில்லை!

இம்முறை அறத்திற்கு ஒவ்வாதென 1987இல் வாத்திகன் அறிக்கை விடுத்தது. அதற்குள் கலத்திலே கருவான குழந்தைகள் பலர் பள்ளி செல்லத் தொடங்கிவிட்டனர். 2006இல் லூயி, இயல்பாகவே கருவுற்றுத் தாயானார். 2010இல் எட்வர்ட்சுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதைக் காண மற்ற இருவரும் உயிரோடில்லை. ஆண் பெண் சேர்க்கையின்றியும் மகப்பேறு வாய்க்கும் காலம் வருமெனப் பெரியார் 'இனிவரும் உலகம்' நூலில் உரைத்தது, லூயி பிறப்பதற்குப் பல்லாண்டு முன்னரே!

அறிவு வென்றது, அறம் வென்றதா? அன்று ஆய்வாளர்க்குப் பணம் மறுக்கப்பட்டது. இன்று பணமின்மையால் ஏழைக்கு மருத்துவம் மறுக்கப்படுகிறது. தாலியை அடகு வைத்துத் தனியார் மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். ஒருமுறை தவறினால் மறுமுறைக்கு நிலத்தை விற்கிறார்கள். உறுதியில்லாத பலனுக்கு உறுதி கூறி விலை பேசுவோர்க்கும், வரம் தருவதாகக் காணிக்கை வாங்குவோர்க்கும் என்ன வேற்றுமை?

பிள்ளை பெறாமை குற்றமன்று என்பதை முதலில் ஊருக்கு உணர்த்துவோம். வேண்டுவோர்க்கு அம்மருத்துவம் அரசு மருத்துவமனையிலே கிடைக்கப் போராடுவோம். கோயில் உண்டியலிடமிருந்து மீட்ட கருப்பையைக் கல்லாப்பெட்டியிடம் ஒப்படைக்கவா பகுத்தறிவு கற்றோம்?