‘பூட்டிய நாடு’

ஜப்பான் இருநூறு ஆண்டுகள் கதவடைத்துக் கிடந்தது, 1853இல் அமெரிக்கத் தளபதி பெர்ரியின் கப்பல்கள் வந்தே அக்கதவைத் திறந்தன என்றுதான் நாம் படித்து வந்திருக்கிறோம். அந்நிலையைச் சுட்டும் ‘சகோக்கு’ என்னும் ஜப்பானியச் சொல்லுக்குப் ‘பூட்டிய நாடு’ என்பது பொருள். அச்சொல் பிறந்த கதை சுவையானது.

தடையாணைகளைப் பிறப்பித்த தொக்குகாவா ஆட்சியாளர்கள் அச்சொல்லை அறியார். 1690 முதல் 1692 வரை நாகசாகியின் டச்சு வணிக நிலையத்தில் மருத்துவராக இருந்த ஜெர்மானியர் கெம்ஃபர், ஜப்பான் அயலாரை விலக்கியது சரியே என்று வாதிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அதன் டச்சு வடிவத்தை 1801இல் ஜப்பானியத்தில் பெயர்த்த ஷிசுக்கி தடாவோ, அதன் நெடுந்தலைப்பைச் சுருக்க ஆக்கிக்கொண்ட சொல்லே ‘சகோக்கு’. ஆக, ஜப்பானின் தனிமைக்கு நாம் வழங்கும் பெயரே ஓர் ஐரோப்பியரின் பார்வையிலிருந்து பெயர்க்கப்பட்டது!

ஆணைகள் பொய்யல்ல. 1635இல் ஜப்பானியர் கடல்கடந்து செல்வது தடுக்கப்பட்டது. 1639இல் போர்ச்சுக்கீசியர் விலக்கப்பட்டனர். (கிறித்தவர் பட்ட பாடு தனிக்கதை.) ஆயினும் நாகசாகியில் டச்சுக்காரரும் சீனரும் வணிகம் செய்தனர். சுஷிமா வழியே கொரியாவுடனும், சத்சுமா வழியே ரியூக்யூவுடனும், வடக்கே ஐனு மக்களுடனும் கொடுக்கல் வாங்கல் நடந்தது. 1774இல் டச்சு உடற்கூற்று நூலொன்றை எடோ மருத்துவர்கள் மொழிபெயர்த்து வெளியிட்டனர்.

நமக்கும் இதில் ஓர் இழை உண்டு. சோழமண்டலக் கரையின் கோடிட்ட பருத்தித் துணி கப்பலேறி ஜப்பான் சென்றது. அதை அவர்கள் ‘சந்தோமே’ என்றழைத்தனர். நம் மயிலாப்பூரை அடுத்த சாந்தோமின் பெயர்தான். பின்னர் அக்கோடுகளைத் தம் தறிகளிலேயே நெய்துகொண்டனர்.