பார்க்கின்சன் வயிற்றைப் பற்றி எழுதியது

ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் லண்டனில் வெளியிட்ட கட்டுரை ரொம்பச் சின்னது, 66 பக்கம்தான். கை நடுக்கம், முன்பக்கம் சாய்ந்த நடை எல்லாம் ஒரே வியாதியின் அடையாளங்கள் என்று சொன்னது அதுதான். மொத்தம் ஆறே பேர். அதில் இரண்டு பேர் தெருவில் எதிர்ப்பட்டவர்கள், ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. இன்றைக்கு எந்த ஜர்னலும் இந்த சாம்பிளை ஏத்துக்காது!

எல்லோரும் பேசுவது அந்த நடுக்கத்தைத்தான். அதே கட்டுரையில் மலச்சிக்கலும் இருக்கிறது. பின்பகுதியில் இன்னொரு படியும் போகிறார்: வயிறும் குடலும் கெட்டால் தண்டுவடம் பாதிக்கப்படலாம், எந்த வழியாக என்று தன்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, ஆனால் நடக்கச் சாத்தியம் உண்டு என்கிறார்.

அந்த வழிக்கான ஒரு தடயம் 1912-ல் கிடைத்தது. இந்நோயாளிகளின் நரம்பு செல்களுக்குள் சிறு உருண்டைகளைப் பார்த்தார் ஃப்ரிட்ஸ் லெவி. அவர் பார்த்த இடங்களில் ஒன்று, வேகஸ் நரம்பு புறப்படும் மூளைத்தண்டுப் பகுதி. மூளையிலிருந்து இரைப்பை, குடல் வரை இறங்கும் நரம்பு அது. ஆனால் 1919-ல் ட்ரெட்டியாகோஃப் நடுமூளையின் கருநிறப் பகுதியைக் காட்டினார். பிறகு டோபமின், 1960-களில் லெவோடோபா. கவனம் அங்கேயே நின்றதில் தப்பில்லை. முடங்கிக் கிடந்தவர்கள் அந்த மருந்தால் எழுந்து நடந்தார்களே.

2003-ல் ஜெர்மனியின் ஹைகோ பிராக், இறந்தவர்களின் மூளைகளை நோயின் படிநிலைப்படி வரிசைப்படுத்தினார். படிவுகள் முதலில் வேகஸ் மையத்திலும் மோப்பப் பகுதியிலும், நடுமூளைக்கு அப்புறம்தான். இனம் தெரியாத ஒரு கிருமி குடல் வழியே நுழைந்து வேகஸில் மேலேறுகிறதோ என்பது அவர் ஊகம். எல்லா நோயாளிகளும் இந்த வரிசைக்குள் அடங்குவதில்லை என்பதையும் சொல்லணும்.

குடல் பாக்டீரியாவை நேரடியாகச் சோதித்தது 2016-ல், கால்டெக்கில். ஆல்பா-சினுக்ளின் புரதம் அதிகமாக உருவாகும்படி மரபணு மாற்றிய எலிகளைக் கிருமியே இல்லாமல் வளர்த்தார்கள். இயக்கக் கோளாறு குறைந்தது. பார்க்கின்சன் நோயாளிகளின் குடல் பாக்டீரியாவைக் கொடுத்ததும் மோசமானது. ஆரோக்கியமானவர்களின் பாக்டீரியாவுக்கு அந்த அளவு பாதிப்பில்லை.

வாட்ஸப்பில் தயிர் வைத்தியம் அனுப்புகிறவர்கள் விட்டுவிடும் பாதி ஒன்று உண்டு. அதே நோயாளிகளின் பாக்டீரியா சாதாரண எலிகளுக்கும் போனது. அவை தடுமாறவில்லை.