பழைய நாட்காட்டியின் புத்தாண்டு

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கோடியிலே, பெம்புறோக் பகுதியில், குவைன் என்னும் சிற்றாறு பாயும் பள்ளத்தாக்கு ஒன்றுண்டு. ஏனையோர் ஜனவரி முதலாந் திகதியைக் கொண்டாடி முடித்துப் பன்னிரண்டு நாட்கள் சென்றபின், 13ஆந் திகதியன்று, இப்பள்ளத்தாக்கின் சிறுவர்கள் வீடு வீடாகச் சென்று வேல்ஸ் மொழியிற் புத்தாண்டுப் பாட்டிசைப்பர். வீட்டார் அவர்களுக்கு இனிப்பும் நாணயமும் வழங்குவர். அந்நாளை அவர்கள் 'ஹென் கலான்', அதாவது பழைய புத்தாண்டு, என அழைக்கின்றனர். 'கலான்' என்ற சொல் உரோமர் மாதத்தின் முதல் நாளைக் குறிக்க வழங்கிய இலத்தீன் சொல்லின் திரிபாகும்.

இப்பழைய நாள் எவ்வாறு பழையதாயிற்று என்பதை அறிதற்கு உரோமாபுரிக்கே செல்லுதல் வேண்டும். யூலியஸ் சீசர், அலெக்சாந்திரியா நகரத்துச் சொசிஜெனிஸ் என்னும் வானநூலாரின் துணைகொண்டு, கி. மு. 45இல் நடைமுறைக்குக் கொணர்ந்த நாட்காட்டியில் ஆண்டொன்றுக்கு முந்நூற்று அறுபத்தைந்தேகால் நாட்கள். நான்காண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் கூட்டப்பட்டது. அக்காலத்தில் இது பெருஞ் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஞாயிற்றின் உண்மையான ஆண்டு அதனினும் ஏறக்குறையப் பதினொரு நிமிடங் குறைந்தது. பதினொரு நிமிடம் ஒரு மனிதனின் வாழ்நாளிற் புலப்படாது. நூற்றிருபத்தெட்டு ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகிவிடும். நீசியாச் சங்கம் கூடிய கி. பி. 325இல் மார்ச்சு 21ஐ ஒட்டி நிகழ்ந்த சமஇரவு நாள், 1582இல் மார்ச்சு 11க்குப் பின்வாங்கியிருந்தது. ஈஸ்ரர் திருநாளின் கணிப்பு அச்சமஇரவு நாளைப் பற்றி நிற்பதாதலின், பாப்பரசர் பதின்மூன்றாம் கிறகரி திருத்தத்திற்கு ஆணையிட்டார். அதன்படி 1582 ஒக்டோபர் 4, வியாழக்கிழமைக்கு மறுநாள் ஒக்டோபர் 15, வெள்ளிக்கிழமையாயிற்று. நானூறால் வகுபடாத நூற்றாண்டு முடிவுகளில் மிகைநாள் இல்லை என்ற விதியும் அப்பொழுதே பிறந்தது.

கத்தோலிக்க நாடுகள் பல விரைவில் உடன்பட்டன. புரட்டஸ்தாந்து நாடுகளோ, பாப்பரசரின் கணக்கு எத்துணைச் சரியாயினும் அது பாப்பரசரின் கணக்கே எனத் தயங்கின. இங்கிலாந்து நூற்றெழுபது ஆண்டுகள் காத்திருந்தது. செஸ்ரபீல்ட் பிரபு பாராளுமன்றத்திற் கொணர்ந்த சட்டத்தின்படி 1752 செப்டெம்பர் 2, புதன்கிழமையை அடுத்து 14, வியாழக்கிழமை வந்தது. அதற்கு முன்னரே வேறொரு மாற்றமும் நிகழ்ந்துவிட்டது. இங்கிலாந்தின் சட்டமுறைப் புத்தாண்டு மார்ச்சு 25ஆகவே இருந்தது. அது ஜனவரி 1க்கு மாற்றப்பட்டமையால், 1751ஆம் ஆண்டு அந்நாட்டில் 282 நாட்களே உயிர்வாழ்ந்தது.

'எங்கள் பதினொரு நாட்களைத் திருப்பித் தாருங்கள்' என்று மக்கள் கலகஞ் செய்தனர் எனப் பாடநூல்கள் நெடுங்காலங் கூறிவந்தன. ஹோகார்த் என்னும் ஓவியர் 1755இல் தீட்டிய தேர்தல் விருந்துக் காட்சியிலுள்ள ஒரு பதாகையே இக்கதையின் பெருஞ் சான்று. அத்தகைய கலகம் நடந்ததென்பதை இன்றைய வரலாற்றாசிரியர் ஏற்பதில்லை. உண்மையில் அச்சட்டம் கவனத்துடனேயே வரையப்பட்டிருந்தது. வாடகையோ கடனோ பதினொரு நாள் முன்னதாகச் செலுத்த வேண்டியதில்லை என்றும், எவரும் அத்தனை நாள் முன்னதாக வயது நிரம்பியவராகார் என்றும் அதிற் கண்டிருந்தது.

கலகம் இல்லையெனினும், மக்கள் மனம் அமைதியுற்றது என்றுங் கூறுவதற்கில்லை. பக்கிங்காம் பகுதியிலுள்ள குவெயின்டன் என்னும் ஊரில் ஒரு முள்மரம் நின்றது. கிறிஸ்து பிறந்த இரவில் அது பூக்கும் என்பது ஊரார் நம்பிக்கை. 1752 டிசெம்பர் 24ஆந் திகதி இரவு, இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் விளக்கேந்தி அங்கு கூடியதாக அக்காலச் சஞ்சிகையொன்று எழுதியுள்ளது. மரம் பூக்கவில்லை. ஆதலால் அடுத்த நாள் நத்தார் அன்று என அவர்கள் முடிவுசெய்தனர். இதனை வெறும் மூடநம்பிக்கை எனத் தள்ளுதல் எளிது. ஆனால் நாளினை நிருணயிப்பது அரசின் ஏடா, மண்ணின் மரமா என்ற வினா, விதைப்பையும் அறுவடையையும் நம்பி வாழ்ந்த குடியானவனுக்குச் சிறியதன்று.

இங்கு ஒரு வேடிக்கையைக் கூறாதிருத்தல் இயலாது. பழமையைப் பேணுவோர் பேணும் பழமை எல்லாவிடத்தும் ஒன்றன்று. 1752இல் இரு நாட்காட்டிகளுக்கும் வேற்றுமை பதினொரு நாள். அதன்படி பழைய புத்தாண்டு ஜனவரி 12இல் வீழ்ந்தது. 1800இலும் 1900இலும் வேற்றுமை ஒவ்வொரு நாள் கூடியது. ஸ்கொத்லாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள பேர்க்ஹெட் மீனவர் ஊரில், கீல் நிரப்பிய பீப்பாயைக் கொளுத்தித் தெருக்களிற் சுமந்துசெல்லும் விழா ஜனவரி 11 இரவில் நிகழ்கிறது. அது பதினெட்டாம் நூற்றாண்டின் கணக்கு. குவைன் பள்ளத்தாக்கின் 13ஆந் திகதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் கணக்கு. இவ்வூர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் எண்ணுவதை நிறுத்திவிட்டன. ஆண்டுதோறும் அணைந்த பீப்பாயின் கரித்துண்டை நல்வாய்ப்பின் அடையாளமாக வீட்டுக்கு எடுத்துச் செல்லும் பேர்க்ஹெட் மக்களுக்கு இக்கணிதம் ஒரு பொருட்டன்று.

இரசியாவில் நிலைமை வேறு. அங்கு புத்தாண்டை முதலில் இடம்பெயர்த்தவர் மகா பீற்றர். செப்டெம்பர் முதலாந் திகதியிற் பிறந்துவந்த ஆண்டை 1700 முதல் ஜனவரி முதலாந் திகதிக்கு மாற்றியவர் அவர். ஆயின் யூலியன் கணக்கை அவர் விட்டாரில்லை. 1918இல் லெனினின் அரசு ஜனவரி 31ஐ அடுத்து பெப்ரவரி 14 எனக் கட்டளையிட்டது. ஒக்டோபர்ப் புரட்சியின் ஆண்டு நிறைவு நவம்பர் 7இல் கொண்டாடப்பட்டதன் காரணமும் இதுவே. இரசிய வைதிகத் திருச்சபை புதிய கணக்கை ஏற்கவில்லை. அதன் நத்தார் ஜனவரி 7இல் வருகிறது. அதற்கு முந்திய நோன்புக் காலத்தின் நடுவிலே அரசின் ஜனவரி முதலாந் திகதி வந்து புகுந்துவிட்டது. இறைச்சியும் மதுவும் விலக்கி நோன்பிருக்கும் ஒருவர் அன்று எவ்வாறு விருந்துண்பார்? ஜனவரி 13 இரவு பிறக்கும் 'பழைய புதிய ஆண்டு' அவருக்குத் தடையற்ற விருந்து நாளாயிற்று. நோன்பு அறியாத இல்லங்களிலும் அது நிலைத்துவிட்டது. அரசு விடுமுறை இல்லை, அணிவகுப்பு இல்லை. உறவினர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வதே விழா.

வட ஆபிரிக்காவின் அமசீக் மக்கள் கொண்டாடும் 'யென்னாயர்' இதே மரபின் மற்றொரு கிளை. உழவர் பேணிய யூலியன் நாட்காட்டியின் முதல் மாதமே யென்னாயர். 'யானுவாரியுஸ்' என்ற இலத்தீன் பெயர் அதில் ஒலிக்கின்றது. நெடுநாள் அரசு மதியாதிருந்த இந்நாளை அல்ஜீரியா 2018 முதற் பொது விடுமுறையாக்கியது. மொரோக்கோ 2023இல் அவ்வாறே அறிவித்தது. ஆனால் அல்ஜீரியாவில் அது ஜனவரி 12, மொரோக்கோவில் 14.

2100ஆம் ஆண்டு புதிய கணக்கில் மிகைநாள் அற்றது. பழைய கணக்கில் மிகைநாள் உடையது. ஆதலால் 2101இல் யூலியன் புத்தாண்டு ஜனவரி 15இல் வீழும். திருச்சபை தன் திருநாட்களை அக்கணக்கின்படியே நகர்த்த, இரசிய நத்தார் ஜனவரி 8ஆகும். பழக்கத்தினால் மட்டும் 13ஆந் திகதி இரவில் மேசையைச் சுற்றி அமரும் குடும்பங்கள் அத்துடன் நகருமோ, அல்லது குவைன் பள்ளத்தாக்குச் சிறுவரைப் போலத் தாம் அறிந்த திகதியிலேயே நின்றுவிடுமோ என்பதை அந்த ஜனவரியிலேயே காணலாம்.