சு பிங்தியனும் பத்து வினாடி எல்லையும்

1932ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் சீனாவின் சார்பில் களமிறங்கிய ஒரே வீரரான லியு சாங்சுன் 100 மீட்டர், 200 மீட்டர் ஓட்டங்கள் இரண்டிலும் தகுதிச் சுற்றோடு வெளியேற, 100 மீட்டர் இறுதிவரை முன்னேறிய ஜப்பானியர் தகாயோஷி யோஷியோகா ஆறாம் இடம் பெற்றார். அவருக்குப் பின் ஒலிம்பிக்கின் அந்த இறுதி ஓட்டத்தில் ஆசியர் ஒருவர் மீண்டும் நிற்க 89 ஆண்டுகள் ஆயின. குறுந்தொலைவு ஓட்டம் கிழக்காசிய உடல்வாகுக்கு ஒவ்வாதது என்ற எண்ணம் அவ்விடைவெளியில் வேரூன்றியிருந்தது; அது எத்துணைப் பிழையானது என்பதை, குவாங்டாங் மாகாணத்துச் சோங்ஷானில் 1989இல் பிறந்த சு பிங்தியனின் ஓட்ட வாழ்வு காட்டுகிறது.

1.72 மீட்டர் உயரமே உடைய சு, நெடிய வீரர்களின் எட்டு நீளத்துக்கு ஈடுகொடுக்க இயலாதவராதலால், ஓட்டத்தின் முற்பகுதியையே, அதாவது பாதங்களை ஊன்றி உந்தி எழுவதற்குரிய புறப்பாட்டுக் கட்டையை விட்டெழுந்து முழு வேகத்தை எட்டும்வரையிலான தொலைவையே, தம் வலிமையாக வளர்த்தார். 2014ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் தாம் புறப்படும் காலையே மாற்றிக்கொண்டார். இளமை முதல் பழகி உடலில் ஊறிய அசைவை 25 வயதில் கலைத்துப் புதிதாகக் கற்பது, கைவசமிருந்த வேகத்தையும் பறித்துவிடக்கூடிய துணிவாகும். அவர் வென்ற பதக்கங்களைவிட இம்முடிவே உயர்வாக மதிக்கத்தக்கது. 2015 மே 30 அன்று அமெரிக்காவின் யூஜின் நகரில் 9.99 வினாடியில் ஓடி, பத்து வினாடிக்குள் 100 மீட்டரைக் கடந்தவர்களுள் ஆசியாவில் பிறந்த முதல் வீரரானார்.

நீளந்தாண்டுதலில் உலக சாதனை படைத்த மைக் பவலுக்குப் பயிற்சியளித்த ராண்டி ஹன்டிங்டனிடம் பின்னர் பயின்ற சு, 2018இல் இருமுறை 9.91 வினாடியில் ஓடியதோடு, ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கமும் வென்றார்.

2021 ஆகஸ்ட் 1 அன்று டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில், 32 வயதை நெருங்கிய நிலையில், 9.83 வினாடி என்ற ஆசிய சாதனையுடன் முதலிடம் பெற்றார். அதன் முதல் 60 மீட்டரை 6.29 வினாடியில் கடந்தார் என்னும் அளவீடு, அவர் வேகத்தின் ஊற்று எங்கிருந்தது என்பதை ஐயமற விளக்குகிறது. சில மணி நேரம் கழித்து நடந்த இறுதியில் 9.98 வினாடியே இயன்றதால், யோஷியோகாவைப் போலவே ஆறாமவராக முடித்தார். அரையிறுதி வேகத்தையே மீண்டும் எட்டியிருந்தால் வெள்ளி அவருடையதாகியிருக்கும். எனினும் அதே ஒலிம்பிக்கின் தொடர் ஓட்டத்தில், இரண்டாமிடம் பெற்ற பிரிட்டன் அணி ஊக்கமருந்து விதிமீறலால் பின்னர் தகுதியிழந்ததால், நான்காவதாக வந்திருந்த சீன அணிக்கு வெண்கலம் உரித்தாயிற்று. அவ்வணியின் மூன்றாம் பகுதியை ஓடியவர் சு.