டப்! - ஒரு தீப்பொறியின் கதை

"ஏல, கொஞ்சம் தள்ளி நில்லு."

என் ரூம்மேட் பேட்டரி வயரை மாட்டுவதற்கு முன்னால் இப்படித்தான் சொல்லுவான். மாட்டின அடுத்த நொடி 'டப்' என்று ஒரு சத்தம், நீலமாக ஒரு பொறி, கருகல் வாசனை. முதல் தடவை நான் கட்டில் மேலே ஏறிவிட்டேன். அவனோ, "அது அப்படித்தாம்ல மக்கா, பழகிரும்" என்று சிரித்தான்.

அவன் பிசிக்ஸ், நான் பி.காம். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் லித்தியம் செல்கள் வாங்கி, சொந்தமாக ஒரு எலக்ட்ரிக் ஸ்கேட்போர்டு செய்துகொண்டிருந்தான். சாயங்காலம் பீச் ரோட்டில் அதில் போனால் நாய் கூட நின்று பார்க்கும். ஆனால் என் மண்டையைக் குடைந்தது அந்த 'டப்'தான். மோட்டார் சுற்றவில்லை. ஒரு பல்பு கூட எரியவில்லை. சும்மா வயரை மாட்டினதற்கு எதற்கு இவ்வளவு பெரிய பொறி?

அதைத் தேடப்போய் ஹாலந்து, பாரிஸ், அமெரிக்கா, சென்னை என்று சுற்றிவிட்டு மறுபடி தூத்துக்குடிக்கே வந்து சேர்ந்தேன். அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

ஒல்லாந்தர் ஊர் ஜாடி

1658-ல் ஒல்லாந்தர்கள் (அதாவது டச்சுக்காரர்கள்) போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தார்கள். நடுவில் சில இடைவெளிகள் இருந்தாலும், கடைசியாக 1825-ல்தான் ஆங்கிலேயர் கைக்கு ஊர் முழுமையாகப் போனது. முத்துக்குளிப்பும் துணி ஏற்றுமதியும் அந்த டச்சுக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில்தான் இருந்தன. பொதுமக்களுக்குப் பங்கு விற்று 1602-ல் ஆரம்பித்த கம்பெனி என்று காமர்ஸ் பாடத்தில் வருமே, அதேதான். அந்தக் கம்பெனியின் டச்சுப் பெயரைச் சுருக்கினால் வி.ஓ.சி. நம்ம துறைமுகமும் வி.ஓ.சி! ஆனால் இது 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்த நம்ம வ.உ.சிதம்பரனார். அந்நியக் கம்பெனியின் எழுத்துகள், அந்நியக் கம்பெனியை எதிர்த்தவரின் பெயரில். தற்செயல்தான், ஆனாலும் சுவையாக இல்லை?

நம்ம ஊர் ஒல்லாந்தர் கையில் இருந்த அதே காலத்தில் அவர்கள் நாட்டில் லைடன் என்ற ஊரில் மூஷன்ப்ரூக் என்ற பேராசிரியர் ஒரு கண்ணாடி ஜாடியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார். ஜாடிக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு கம்பி. உராய்வு இயந்திரத்திலிருந்து வரும் மின்சாரத்தை உள்ளே 'ஊற்றி'ப் பார்த்தார். ஒரு கையில் ஜாடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கம்பியைத் தொட்டதும் விழுந்தது அடி. பிரான்ஸ் ராஜ்ஜியத்தையே கொடுத்தாலும் இன்னொரு தடவை செய்யமாட்டேன் என்ற பொருளில் 1746-ல் பாரிஸுக்குக் கடிதம் எழுதினார் மனுஷன். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1745 அக்டோபரில், க்ளைஸ்ட் என்ற ஜெர்மன் பாதிரியாரும் தனியாக இதையே கண்டுபிடித்திருந்தார். பெயர் மட்டும் 'லைடன் ஜாடி' என்று நின்றுவிட்டது. இங்கே தூத்துக்குடியில் ஒல்லாந்தர்கள் பரிசுத்த திரித்துவ ஆலயத்தைக் கட்டியது 1750-ல். அந்த ஆலயமும் லைடன் ஜாடியும் கிட்டத்தட்ட ஒரே வயசு.

செய்தி பரவியதும் ஐரோப்பாவுக்குப் பைத்தியம் பிடித்தது. பிரான்ஸில் நொல்லே என்ற பாதிரியார் 180 காவலர்களைக் கைகோத்து நிற்கவைத்து, ராஜா முன்னால் ஒரே நேரத்தில் துள்ளவைத்தார். அமெரிக்காவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பல ஜாடிகளை வரிசையாகச் சேர்த்து, பீரங்கி வரிசைக்குச் சொல்லும் 'பேட்டரி' என்ற வார்த்தையை அதற்கு வைத்தார். 1750 டிசம்பரில் அதை வைத்து ஒரு வான்கோழியைக் கொல்லப்போய், தானே அடிவாங்கினார்.

இந்த ஜாடியின் பேரப்பிள்ளைதான் இன்றைய கெபாசிட்டர்.

காலி ஜாடியின் பசி

என் ரூம்மேட்டின் போர்டில் மோட்டாரைக் கட்டுப்படுத்த ஒரு கன்ட்ரோலர் இருக்கிறது. அதன் வாசலிலேயே தடித்த கெபாசிட்டர்கள் இருக்கும். கன்ட்ரோலர் ஒரு நொடிக்குப் பல ஆயிரம் தடவை மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுப்பதால், அந்த அதிர்ச்சியைத் தாங்க அவை கட்டாயம் வேண்டும். லைடனில் நிறைந்த ஜாடி ஒரு நொடியில் காலியானது. இங்கே தலைகீழ்: காலி ஜாடி ஒரு நொடிக்குள் நிறைகிறது.

நம்ம உப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் நிறையத் தண்ணீர், பாத்தி காய்ந்து கிடக்கிறது. மடையை மொத்தமாகத் திறந்தால் என்ன ஆகும்? தண்ணீர் பாய்கிற பாய்ச்சலில் வரப்பே கரைந்துவிடும். அதுதான் இந்த 'டப்'.

கணக்குப் போட்டுப் பார்த்தேன் (பி.காம் புத்தி). வரிசையாக 10 செல், முழுதாகச் சார்ஜ் ஆனால் 42 வோல்ட். வயர், பேட்டரி எல்லாவற்றின் தடையும் சேர்த்து 0.1 ஓம் என்று வைத்துக்கொண்டால் முதல் கணத்தில் 420 ஆம்பியர்! ஒரு மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிடும், ஆனால் அதற்குள் பிளக்கின் நுனி உருகிக் குழி விழுந்துவிடும். குழி விழுந்த பித்தளையும் நம்ம ஊர் உப்புக்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பச்சை பூத்து, தடை ஏறி, ஓடும்போது பிளக் சூடாகும்.

இரண்டாவது பொறி

இணைக்கும்போது வரும் பொறியைப் பார்த்துவிட்டோம். பிரிக்கும்போதும் ஒரு பொறி வரும். அதற்குக் காரணம் வேறு. நீளமான கம்பியில் ஓடும் மின்சாரத்தைத் துண்டித்தால் பளிச்சென்று பொறி வருவதை அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி கவனித்து 1832-ல் எழுதினார். ஓடுகிற ரயில் சட்டென்று நிற்காதது மாதிரி, சுருளில் ஓடுகிற மின்சாரமும் சட்டென்று நிற்காது. வழி இல்லையென்றால் காற்றைக் கிழித்துக்கொண்டாவது போகும்.

வீடுகளுக்கு மின்விளக்கு வந்தபோது இது பெரிய தலைவலி. அந்தக் காலத்து ஸ்விட்சை மெதுவாக அணைத்தால் நடுவில் நெருப்பு நின்று எரியும். 1884-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜான் ஹென்றி ஹோம்ஸ் ஒரு ஸ்ப்ரிங் வைத்தார். நம் விரல் எவ்வளவு மெதுவாக நகர்ந்தாலும் ஸ்ப்ரிங் படக்கென்று பிரித்துவிடும். இன்றைக்கும் வீட்டு ஸ்விட்சில் 'டக்' என்று கேட்கிறதே, அது அந்த யோசனையின் வாரிசு.

1895 மே 7-ல் சென்னையில் எலக்ட்ரிக் டிராம் ஓட ஆரம்பித்தது. 1953 வரை ஓடியது. அக்காலத்து டிராம்களில் டிரைவர் ஒரு கைப்பிடியைப் படிப்படியாகத் திருப்புவார். நின்றுகொண்டிருக்கும் மோட்டாருக்கு முழு மின்சாரத்தை ஒரேயடியாகக் கொடுத்தால் அது அளவில்லாமல் இழுத்துக் கருகிவிடும். அதனால் முதலில் நடுவில் பெரிய தடைகளை வைத்து, வண்டி நகர நகர ஒவ்வொன்றாக விலக்குவார்கள். அணைக்கும்போது வரும் நெருப்பை ஒரு காந்தத்தால் ஊதித் தள்ளுவார்கள்.

ஆக, அந்தக் காலத்திலேயே பாடம் தெளிவாகிவிட்டது: போடும்போது நிதானம், அணைக்கும்போது வேகம். மின்சார ஸ்விட்சின் மொத்த வரலாறும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்கேட்போர்டுக்காரர்கள் படித்த அதே பாடம்

2012-ல் அமெரிக்காவில் பூஸ்டட் என்ற கம்பெனி எலக்ட்ரிக் போர்டுக்காக இணையத்தில் மக்களிடம் நிதி திரட்டியது (2020-ல் மூடிவிட்டார்கள்). சில வருடங்களில் ஸ்வீடனின் பெஞ்சமின் வெடர் 'வெஸ்க்' என்ற கன்ட்ரோலரின் வரைபடத்தை யாரும் செய்துகொள்ளும்படி வெளியிட்டார். வீட்டிலேயே போர்டு செய்பவர்கள் உலகம் முழுக்கப் பெருகினார்கள். எல்லார் வீட்டிலும் 'டப்'!

தீர்வுகள் மூன்று. முதலாவது, எக்ஸ்டி 90-எஸ் என்கிற பிளக். உள்ளே பச்சை வளையம் இருக்கும். பாதி செருகும்போது ஏறக்குறைய 5.6 ஓம் தடை வழியாக மட்டும் மின்சாரம் போகும். 420 ஆம்பியர் இப்போது வெறும் 7.5. கெபாசிட்டர் நிறைந்த பிறகு முழுதாகச் செருகலாம். டிராம் டிரைவரின் கைப்பிடி, கட்டை விரல் அளவில்!

இரண்டாவது, 'லூப் கீ'. அதே பிளக்கில் ஒரு வளைந்த வயரை மாட்டி, போர்டுக்கு வெளியே சாவி மாதிரி வைப்பது. பிடுங்கினால் ஆஃப்.

மூன்றாவது, பட்டன். மாஸ்ஃபெட் என்ற குறைகடத்தியால் ஆன எலக்ட்ரானிக் ஸ்விட்ச். வெடரே ஒரு வரைபடம் கொடுத்தார். அழகாக இருக்கும், அமுக்கினால் போதும். இதில்தான் சிக்கலும். மலிவானவற்றில் தடைக்கென்று தனி வழி இருக்காது. மாஸ்ஃபெட்டையே மெதுவாகத் திறப்பார்கள். அப்படியானால் சூடு முழுவதும் அதன் தலையில்தான். நாலைந்து மாஸ்ஃபெட் வரிசையில் இருந்தாலும், பாதி திறந்த நிலையில் அவை பாரத்தைச் சமமாகப் பகிராது. ஏதோ ஒன்று மட்டும் தாங்கிச் செத்துப்போகும். அது சாகும்போது பெரும்பாலும் 'ஆன்' நிலையிலேயே சாகும். அதாவது பட்டன் அணைந்ததாகக் காட்டும், உள்ளே மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

பொங்கல் லீவு

என் ரூம்மேட் மூன்றாவது வழியைத்தான் எடுத்தான். ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த ஒரு பட்டன். 'டப்' போய்விட்டது, எனக்கு நிம்மதி. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பட்டனை அணைத்துவிட்டு போர்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனான்.

பத்து நாள் கழித்து வந்து பார்த்தால் போர்டில் உயிர் இல்லை. மீட்டர் வைத்தான். ஒவ்வொரு செல்லும் 2 வோல்ட்டுக்குக் கீழே. பட்டன் அணைக்கவே இல்லை. கன்ட்ரோலர் பத்து நாளும் சொட்டுச் சொட்டாகக் குடித்திருக்கிறது.

"சார்ஜர மாட்டிப் பாப்பமால?" என்றான். முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஒரு வருஷ டியூஷன் காசு. ஆனால் அதற்குள் நான் கொஞ்சம் படித்திருந்தேன். அந்த அளவுக்கு இறங்கிய லித்தியம் செல்லுக்குள் செம்புத் தகடு கரைய ஆரம்பித்துவிடும். மறுபடி சார்ஜ் ஏற்றினால் அந்தச் செம்பு தப்பான இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம், தீப்பிடிக்கலாம். அந்த ரூமில் நாங்கள் நாலு பேர் தூங்குகிறோம். "வேண்டாம்ல" என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு சார்ஜரைப் பெட்டிக்குள் வைத்தான்.

போடும்போது நிதானம் என்ற பாதியை அந்த பட்டன் செய்தது. அணைத்தால் அணைய வேண்டும் என்ற மறுபாதியை விட்டுவிட்டது.

மறுபடி தூத்துக்குடி

2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்ட் 4-ல் சில்லாநத்தம் சிப்காட்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலை திறந்தார்கள். ஆரம்பத் திட்டம் வருடத்துக்கு 50,000 மின்சாரக் கார்கள். உயர் மின்னழுத்த பேட்டரி உள்ள பெரும்பாலான கார்களில் ஒரு சின்னச் சடங்கு நடக்கும். ஸ்டார்ட் செய்ததும் முதலில் ஒரு தடை வழியாக கெபாசிட்டர் நிறையும், பிறகுதான் பெரிய கான்டாக்டர் 'டொக்' என்று மூடும். அணைக்கும்போது அது நிஜமாகவே விலகி நடுவில் இடைவெளி விடும். 280 வருஷத்துக்கு முன்னால் ஒல்லாந்தர் ஊர் ஜாடி கற்றுக்கொடுத்த பாடம், ஒல்லாந்தர் ஆண்ட ஊரில் இன்றைக்குக் காருக்குள் போகிறது.

காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிறவனாக ஒன்று சொல்கிறேன். அந்தத் தடையின் விலை ஒரு வடை விலைக்குள். அதை மிச்சம் பிடித்த இடத்தில் போனது ஒரு பேட்டரி. நம்ம தெருக்களில் இப்போது சைக்கிளுக்கு மோட்டார் மாட்டித் தருகிறவர்கள் நிறையப் பேர். மைலேஜ் கேட்கிறோம், ஸ்பீடு கேட்கிறோம். "அண்ணாச்சி, இத எப்படி அணைக்கது?" என்று யாரும் கேட்பதில்லை. இனிமேல் கேளுங்கள்.

என் ரூம்மேட் மறுபடி டியூஷன் எடுத்துக் காசு சேர்க்கிறான். இந்தத் தடவை லூப் கீதான் என்கிறான். ராத்திரி பிடுங்கி சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். பட்டன் பொய் சொல்லலாம், பையில் இருக்கிற சாவி பொய் சொல்லாது.