மூஸ் மேல் அப்பியிருந்த சேறு: தூரத்து வேட்டைக் குண்டின் கதை

1946ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா காட்டுக்கு ஜான் நோஸ்லர் என்று ஒருவர் வேட்டைக்குப் போனார். அமெரிக்காவின் ஆரெகானில் லாரித் தொழில் செய்தவர். கையில் .300 ஹெச் அண்ட் ஹெச் மேக்னம் ரைஃபிள். அந்தக் காலத்துக்கு அது நல்ல வேகமான தோட்டா. எதிரில் ஒரு மூஸ், நம்ம ஊர் கடமானைவிட ரொம்பப் பெரிசு, உடம்பெல்லாம் சேறு அப்பிக் கிடந்தது. சுட்டார், குண்டு பட்டது, மூஸ் விழவில்லை. குண்டு உள்ளே ஆழமாகப் போகாமல் மேலாகவே சிதறிவிட்டிருந்தது.

குறி தப்பினால்கூடப் பரவாயில்லை, மிருகம் ஓடிப் பிழைச்சுக்கும். குறி தப்பாமல் பட்டும் சாகாத மிருகம்தான் பாவம், எங்கேயோ புதருக்குள் நாள்கணக்கில் கிடந்து சாகும். வேட்டைக் குண்டின் வரலாறு முழுக்க இந்தப் பயத்தைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. (இந்தியாவில் 1972 வன உயிரினச் சட்டத்தோடு வேட்டை முடிந்துபோன கதை. நான் எழுதுவது அமெரிக்காவைப் பற்றி.)

ஒரு வார்த்தை விளக்கம் சொல்லிடறேன். பேச்சில் குண்டு, தோட்டா ரெண்டையும் மாத்தி மாத்திச் சொல்வோம். இங்கே தோட்டா என்றால் முழுசு: பித்தளைக் கூடு, அடியில் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் சொருகிய குண்டு. பறந்து போவது குண்டு மட்டும்.

1884ல் பிரான்சில் பால் வியேய் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். அதுவரை இருந்த கரிமருந்துக்கு வெறும் ஈயக் குண்டு போதும். புது மருந்தின் வேகத்துக்கு அது தாங்கவில்லை, அதனால் ஈயத்துக்கு மேலே ஓர் உலோக உறை போட்டார்கள். உறை போட்டதும் வேறொரு சிக்கல் வந்தது: குண்டு விரியாமல், ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். கல்கத்தாவை ஒட்டியிருக்கும் டம்டம் ஆயுதச்சாலையில் (ஆமா, இன்னைக்கு ஏர்போர்ட் இருக்கற அதே டம்டம்தான்) கேப்டன் பெர்ட்டி-கிளே என்பவர் 1890களில் குண்டின் மூக்கில் மட்டும் உறையை எடுத்து ஈயத்தை வெளியே விட்டார். பட்டதும் விரிந்தது. 1899 ஹேக் மாநாடு அந்த மாதிரிக் குண்டுகளைப் போரில் தடை செய்தது. வேட்டைக்கோ அதுதான் தேவை. மனுஷனைச் சுடக் கூடாத குண்டால்தான் மானைச் சுட வேண்டும் என்பது விநோதமாகப் படலாம். ஆனால் காரணம் ஒன்றேதான், விரிந்த குண்டு சீக்கிரம் கொல்லும்.

அங்கேயிருந்து ராணுவமும் வேட்டைக்காரர்களும் வேறு வேறு பாதை. ராணுவத்துக்குத் தூரம் முக்கியம். 1898ல் பிரான்சும், அதற்குப் பின்னால் ஜெர்மனியும் மொட்டை மூக்குக் குண்டை விட்டுவிட்டுக் கூர்மூக்குக்கு மாறின. அமெரிக்கா 1906ல் மாறியது. 220 கிரெய்ன் மொட்டைக் குண்டு போய் 150 கிரெய்ன் கூர்க்குண்டு வந்தது. இன்றைக்கும் வேட்டைக்காரர்கள் விடாத .30-06 அதுதான். அது 4,700 கஜம் போகும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். முதல் உலகப்போர் வந்த பிறகுதான் நிஜத்தில் சுமார் 3,400 கஜத்தோடு நின்றுவிடுகிறது என்று தெரிந்தது. 1920களில் வால்பக்கம் படகு மாதிரிக் குறுகிய 173 கிரெய்ன் குண்டைக் கொண்டுவந்தார்கள். அது சுமார் 5,500 கஜம் போனது. காற்றைக் கிழிப்பது மூக்கு மட்டும் இல்லை, பின்னால் உண்டாகும் வெற்றிடமும் குண்டைப் பிடித்து இழுக்கிறது. இதையெல்லாம் சேர்த்துத்தான் பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட் என்று ஓர் எண்ணைச் சொல்கிறார்கள். எண் கூடக்கூட வேகம் மெதுவாகக் குறையும், காற்று தள்ளுவதும் குறையும்.

வேட்டைக்காரருக்கு வந்த சங்கடம் இதுதான். குண்டு 50 கஜத்தில் படும்போது பயங்கர வேகம், 500 கஜத்தில் வேகம் வெகுவாகச் செத்திருக்கும். கிட்டத்தில் சிதறாத அளவுக்குக் கெட்டியாகச் செய்தால் தூரத்தில் விரியாது, தூரத்தில் விரியும்படி மென்மையாகச் செய்தால் கிட்டத்தில் சிதறும். நோஸ்லருக்கு நடந்தது ரெண்டாவது.

இதைத் தீர்த்ததில் பாதிப் பங்கு கொல்லைப்புறக் கொட்டகைகளுக்கு உண்டு. ரெண்டாம் உலகப்போர் சமயத்தில் அமெரிக்கக் கடைகளில் தோட்டாத் தட்டுப்பாடு. கலிஃபோர்னியாவில் ஃப்ரெட் ஹண்டிங்டன், சுட்டுப்போட்ட .22 தோட்டாக் கூட்டையே உறையாக்கிக் குண்டு அழுத்தும் அச்சு ஒன்றைச் செய்தார். ராக் சக் என்ற மர்மோட் வகைப் பிராணியைச் சுட என்பதால் ‘ராக் சக் புல்லட் ஸ்வேஜ்’ என்று பேர். இன்றைய ஆர்சிபிஎஸ் கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகள் அதுதான். போர் முடிந்ததும் கான்ஸஸில் புரூஸ் ஹாட்ஜ்டன் ராணுவத்தின் மிச்ச மருந்தை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்றார். கூடு, குண்டு, மருந்து என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கைக்கு வந்ததும் வீட்டிலேயே தோட்டா நிரப்புவது ஒரு பழக்கமாக வேர்விட்டது.

ஆரம்பத்தில் அது காசு மிச்சம் பிடிக்கும் வேலை. பிறகுதான் ருசி கண்டார்கள். ஒரே மாடல் ரைஃபிள் ரெண்டு இருந்தாலும் ஒன்றுக்குப் பிடித்த குண்டு மற்றதுக்குப் பிடிக்காது. போல்ட் ஆக்‌ஷன் இதற்குத் தோது. போல்ட்டின் தலையில் இருக்கும் பற்கள் தோட்டாவுக்குப் பின்னாலேயே இறுக்கமாகப் பூட்டும். ஒருமுறை சுட்ட கூடு அந்த அறையின் அளவுக்கே விரிந்திருக்கும். அதன் கழுத்தை மட்டும் இறுக்கித் திரும்ப நிரப்பலாம், சட்டையை ஆளுக்கு அளவெடுத்துத் தைப்பது மாதிரி. குழாயின் வரிகளுக்கு எவ்வளவு பக்கத்தில் குண்டு நிற்க வேண்டும் என்பதையும் நிரப்புகிறவரே முடிவு பண்ணலாம். ஆனால் தோட்டா மேகஸினுக்குள் அடங்கணும். நீளக் குண்டு ஆசைப்பட்ட பலர் முட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான்.

நோஸ்லரும் அந்தக் கொட்டகை ஜாதிதான். செம்புத் தடியைக் கடைசல் எந்திரத்தில் கொடுத்து, குண்டுக்குள்ளே நடுவில் ஒரு சுவரை விட்டார். முன்னறையில் ஈயம், பின்னறையில் ஈயம். முன்பாதி விரிந்து சிதறினாலும் சுவருக்குப் பின்னால் இருக்கும் பாதி சிதையாமல் உள்ளே போகும். மறுவருஷம் அதே மாதிரி மூஸ் வேட்டையில் சோதித்துவிட்டு, 1948ல் ‘பார்ட்டிஷன்’ என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார். வாங்கியவர்கள் தோட்டா நிரப்புகிறவர்கள்தான்.

இன்னொரு பக்கம், போட்டிக்காரர்களுக்காக சியர்ரா கம்பெனி செய்த மேட்ச்கிங் குண்டு துல்லியத்தில் பேர் வாங்கியது. மூக்கில் சின்ன ஓட்டை இருக்கும், அது விரிவதற்காக வைத்தது இல்லை, தயாரிக்கும் முறையால் வருவது. வேட்டைக்கு வேண்டாம் என்று அந்தக் கம்பெனியே சொல்கிறது. இருந்தும் பாலிஸ்டிக் எண்ணைப் பார்த்து மயங்கி அதை மானுக்குப் போடுகிறவர்கள் உண்டு. காகித அட்டையில் ஓட்டை சரியாக விழுந்தால் போதும், மானுக்கு அது போதாது.

நீளமான குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும். வூல்விச்சில் கணக்கு வாத்தியாராக இருந்த கிரீன்ஹில் 1879லேயே இதற்குச் சூத்திரம் போட்டுவிட்டார். சுவீடனின் 6.5×55 ரைஃபிளுக்கு 1890களில் வேகமான வரி வைத்தார்கள், அப்போதைய 156 கிரெய்ன் மொட்டைக் குண்டு நீளம் என்பதால். நூறு வருஷம் கழித்து ஒல்லிக் கூர்க்குண்டுகள் வந்தபோது அந்தப் பழைய குழாய் அப்படியே பொருந்தியது. 2007ல் வந்த 6.5 கிரீட்மோர் செய்ததும் பெரிய மாயம் ஒன்றும் இல்லை: கூட்டைக் குட்டையாக்கி, நீளக் குண்டு மேகஸினில் அடங்க இடம் விட்டது.

மூக்கில் பிளாஸ்டிக் முனை வைத்த குண்டுகளும் உண்டு. முனை காற்றைக் கிழிக்கும், பட்டதும் பின்னால் அழுந்தி குண்டை விரிக்கும். 2015ல் ஹார்னடி கம்பெனி, ராடாரில் பார்த்தால் அந்த முனை பறக்கும்போதே சூட்டில் உருகுகிறது என்று சொல்லி, சூடு தாங்கும் முனை வைத்து இஎல்டி-எக்ஸ் குண்டைக் கொண்டுவந்தது. வாங்குகிறவர் முதலில் பார்ப்பது பாலிஸ்டிக் எண்ணை. நான் பார்க்கச் சொல்வது இன்னொன்றை: குண்டு விரிய வேண்டிய குறைந்தபட்ச வேகம். பல குண்டுகளுக்கு அது வினாடிக்கு 1,800 அடிக்குப் பக்கம். ரைஃபிள் 1,000 கஜம் சுடலாம், அந்த வேகம் 600 கஜத்திலேயே தீர்ந்துவிட்டால் வேட்டையும் அங்கேயே முடிஞ்சுது.

சிதறும் ஈயத்துக்கு இன்னொரு பலியாளும் உண்டு. வேட்டைக்காரர் விட்டுப்போன குடலைத் தின்ற கலிஃபோர்னியா காண்டோர் கழுகுகள் ஈய விஷத்தில் செத்தன. 2019 ஜூலையிலிருந்து அந்த மாநிலத்தில் ஈயக் குண்டால் வேட்டையாட முழுத் தடை. பார்ன்ஸ் கம்பெனியின் ராண்டி புரூக்ஸ் 1980களின் கடைசியில் கொண்டுவந்த முழுச் செம்புக் குண்டுக்கு அதனால் ஒரு புதுச் சந்தை. செம்பு ஈயத்தைவிட லேசு, ஆகவே அதே எடைக்கு நீளம் கூடும், திரும்பவும் கிரீன்ஹில் கணக்கு.

நோஸ்லரின் பார்ட்டிஷன் இன்னும் கடையில் கிடைக்கிறது. பாலிஸ்டிக் எண் போட்டியில் அது புதுசுகளுக்குக் கிட்டக்கூட வராது. பெரிய மிருகத்தைக் கிட்டத்தில் பார்க்கப் போகிறவர்கள் இன்னைக்கும் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.