சிவப்புப் பொத்தான்: 1995 ஆம் ஆண்டின் டகாட்டா சீட் பெல்ட் திரும்பப்பெறல்

1995 ஆம் ஆண்டு மே மாதம் ஐக்கிய அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த ஏறத்தாழ 84 இலட்சம் வாகனங்களின் சீட் பெல்ட்டுகளைச் சரிசெய்து தருவதாக வாகன நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. 1986 முதல் 1991 வரை வெளிவந்த மாடல்கள் அவை. ஹோண்டா, நிசான், மஸ்டா, மிட்சுபிஷி, இசுசு, சுபாரு என்று பெரும்பாலும் ஜப்பானியப் பெயர்கள்; ஜப்பானிய நிறுவனங்களோடு கூட்டு வைத்திருந்த ஜெனரல் மோட்டார்ஸ், போர்டு, கிரைஸ்லர் ஆகிய அமெரிக்க நிறுவனங்களின் சில வண்டிகளும் பட்டியலில் இருந்தன. இவை அனைத்துக்கும் பொதுவாக இருந்தவை, டகாட்டா என்னும் ஜப்பானிய நிறுவனம் செய்த பெல்ட் பூட்டும் அதன் உச்சியில் இருந்த ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பொத்தானுமே. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் 30 ஆண்டு வரலாற்றில் இரண்டாவது பெரிய திரும்பப்பெறல் என்று அது அப்போது குறிப்பிடப்பட்டது.

திரும்பப்பெறல் என்ற சொல்லைக் கேட்டால் நிறுவனம் வண்டியையே எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடும் என்று தோன்றும். அப்படி நடப்பது அரிது. வழக்கமாக நடப்பது இதுதான்: உரிமையாளருக்கு ஒரு கடிதம் வரும்; அவர் வண்டியை விற்பனையாளரின் பணிமனைக்கு ஓட்டிச் செல்வார்; பழுதான பாகத்தைக் கட்டணமின்றி மாற்றித் தருவார்கள்; அன்றே வீடு திரும்பலாம். 1995 இல் நடந்ததும் இதுவே. ஆனால் அந்தக் கடிதம் அனுப்பப்படும் நிலை வருவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன என்பதில்தான் இந்த வரலாற்றின் சாரம் இருக்கிறது.

பெல்ட்டும் சட்டமும்

இன்று நாம் அணியும் மூன்று முனை சீட் பெல்ட்டை வடிவமைத்தவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் நில்ஸ் போலின். வால்வோ நிறுவனம் 1959 இல் அதைத் தன் கார்களில் பொருத்தத் தொடங்கியது. மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ளும்படி காப்புரிமையைத் திறந்துவிட்டது.

அமெரிக்காவில் இது மெதுவாகவே வந்தது. 1965 இல் ரால்ப் நேடர், கார் நிறுவனங்கள் பாதுகாப்பைப் புறக்கணிப்பதாகக் குற்றம் சாட்டி ஒரு நூல் எழுதினார். மறு ஆண்டு செப்டம்பரில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் தேசியப் போக்குவரத்து மற்றும் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வாகனத்தில் பாதுகாப்புக் குறைபாடு இருப்பது தெரிந்தால் உரிமையாளருக்கு அறிவிக்க வேண்டும் என்ற கடமை அச்சட்டத்தில் இருந்து பிறந்தது. ஆனால் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும் என்று அது சொல்லவில்லை. அந்தக் கடமை 1974 ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் சேர்ந்தது. இடைப்பட்ட 8 ஆண்டுகளில், உங்கள் வண்டி ஆபத்தானது என்று கடிதம் எழுதிவிட்டு, செலவை உங்கள் தலையிலேயே கட்டவும் நிறுவனத்துக்குச் சட்டத்தில் இடம் இருந்தது.

1968 முதல் புதிய கார்களில் பெல்ட் கட்டாயமானது. பொருத்துவது கட்டாயம், அணிவது அல்ல. அணியாவிட்டால் அபராதம் என்று முதலில் சட்டம் செய்த மாநிலம் நியூயார்க். அது 1984 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. ஆக, 1986 முதல் 1991 வரை கார் வாங்கிய அமெரிக்கர்கள்தான் பெல்ட் அணிந்தே ஆக வேண்டும் என்று சட்டம் முதன்முதலாகப் பரவலாக வற்புறுத்திய தலைமுறை. பழுதான பூட்டுகள் போய்ச் சேர்ந்ததும் அவர்களிடமே.

பூட்டுக்குள் என்ன நடக்கிறது

பெல்ட்டின் முனையில் இருக்கும் உலோகத் தகட்டை நாக்கு என்பர். அதன் நடுவில் ஒரு துளை உண்டு. நாக்கைப் பூட்டின் வாயில் செருகும்போது உள்ளே இருக்கும் ஒரு சுருள்வில் அழுந்துகிறது; மேலிருந்து ஒரு தாழ் இறங்கி அந்தத் துளைக்குள் விழுகிறது. நம் காதில் விழும் "டக்" என்ற ஓசை அதுதான். பொத்தானை அழுத்தினால் தாழ் விலகுகிறது. அழுந்தியிருந்த சுருள்வில் நாக்கை வெளியே தள்ளிவிடுகிறது. மோதலின்போது உடல் முழுவதையும் பிடித்து நிறுத்தும் விசை இந்தச் சிறு தாழின் மீதே வருகிறது.

தாழ் துளைக்குள் முழுமையாக இறங்க வேண்டும். முக்கால்வாசி இறங்கினால் போதாது. இறங்கும் வழியில் ஓர் அரிசிக் குருணை அளவு பொருள் கிடந்தாலும் இரண்டில் ஒன்று நடக்கலாம். நாக்கு பூட்டிக்கொள்ளவே மறுக்கலாம். அது எரிச்சல் தருமே தவிர, பழுது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அல்லது பூட்டியது போலத் தோன்றி, அரைகுறையாகத் தொங்கிக்கொண்டிருக்கலாம். பயணி தான் பாதுகாப்பாக இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பார். இரண்டாவது நிலைதான் கொடியது. டகாட்டா பூட்டுகளைப் பற்றி வந்த புகார்களில் எல்லா வகையும் இருந்தன: பூட்டிக்கொள்ளவில்லை, பூட்டிய பின் தானே கழன்றுகொண்டது, விபத்தின்போது விட்டுவிட்டது. பூட்டு இறுகிப்போய்த் திறக்காமல் போகும் ஆபத்தும் உண்டு. தீப்பிடித்த வண்டியிலோ நீரில் விழுந்த வண்டியிலோ அதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

வழியில் கிடந்த பொருள் எது? பொத்தானே தான். "அழுத்துக" என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல் பொறித்த அந்தச் சிவப்புப் பொத்தான், நாக்கு நுழையும் வாயை ஒட்டியே அமைந்திருந்தது. அது ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. அக்ரிலோநைட்ரைல், பியூட்டடையீன், ஸ்டைரீன் ஆகிய மூன்றும் சேர்ந்த பொருள் அது. விலை குறைவு, வார்ப்பதற்கு எளிது, பளபளப்பாக இருக்கும். அதற்கு நெகிழ்வைத் தருவது பியூட்டடையீன் என்னும் ரப்பர்ப் பகுதி. வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து முதலில் தாக்குவதும் அந்த ரப்பர்ப் பகுதியைத்தான். ரப்பர் செத்துவிட்டால் மிஞ்சுவது கண்ணாடி போல நொறுங்கும் பொருள். பழைய கணினிப் பெட்டிகள் மஞ்சளாகிப் போவதும் இதே குடும்பத்து நோய்தான். காரின் முன்கண்ணாடி அடுக்குக் கண்ணாடி ஆகையால் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும்; பக்கக் கண்ணாடிகள் அவ்வளவு தடுப்பதில்லை. வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே, ஆண்டுக்கணக்கில் அந்தப் பொத்தான் காய்ந்தது.

மொட்டை மாடியில் இரண்டு கோடை கிடந்த பிளாஸ்டிக் வாளியைத் தூக்கும்போது காது பிய்ந்து கையோடு வந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அது வேறு வகைப் பிளாஸ்டிக் என்றாலும் நடப்பது ஏறக்குறைய இதுவே. வாளி உடைந்தால் தண்ணீர் போகும். இங்கே, ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் அதன் ஓரம் சிறுசிறு துணுக்காகப் பெயர்ந்து, நேராகப் பூட்டின் வாய்க்குள் விழுந்தது.

விசாரணை

வாகனப் பாதுகாப்பை மேற்பார்வையிடும் அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், உரிமையாளர்களிடமிருந்து வந்த புகார்களின் அடிப்படையில் 1994 இல் ஹோண்டா கார்கள் மீது முதல்நிலை விசாரணையைத் தொடங்கியது. அதே ஆண்டில் அது அடுத்த நிலையான பொறியியல் ஆய்வாக உயர்த்தப்பட்டது. துருவத் துருவ, இதே பூட்டு ஹோண்டாவில் மட்டும் இல்லை என்பது தெரிய வந்தது. ஒரே உதிரிபாக நிறுவனம் பல கார் நிறுவனங்களுக்கு வழங்கும்போது, பிழையும் அப்படியே பகிரப்படுகிறது. கார் வாங்குபவர் ஹோண்டாவா நிசானா என்று நாள் கணக்கில் யோசிக்கிறார். உள்ளே இருக்கும் பூட்டு இரண்டிலும் ஒன்றுதான்.

வடிவமைப்பிலோ உற்பத்தியிலோ குறை இல்லை, பிளாஸ்டிக் காலப்போக்கில் புற ஊதாக் கதிரால் நொறுங்கும் தன்மை அடைந்துவிட்டது, அவ்வளவே என்று டகாட்டா வாதிட்டது. இந்த வாதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கார் வெயிலில் நிற்கும் என்பது எதிர்பாராத நிகழ்வு அல்ல. பொருளைத் தேர்வு செய்வதும் வடிவமைப்பின் ஒரு பகுதியே. வெயிலில் கெடும் பொருளை வெயில் படும் இடத்தில் வைத்துவிட்டு, குறை வெயிலுடையது என்று சொல்வது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

பழுது நீக்கம்

முன் இருக்கைகளின் பூட்டுகளே சிக்கலுக்கு உரியவை. உள்ளே விழுந்த துணுக்கைக் காற்றடித்து வெளியேற்றுவதால் பயன் இல்லை. அதே பொத்தான் மறுபடியும் உதிரும். ஆகவே நிறுவனத்தையும் பூட்டின் நிலையையும் பொறுத்து, பொத்தானையோ முழுப் பூட்டையுமோ மாற்ற வேண்டியிருந்தது. பணிமனையில் இது பெரிய வேலை அல்ல. பூட்டு ஒரு தண்டின் முனையில் இருக்கும். தண்டு இருக்கையின் பக்கவாட்டில் ஒரு தடித்த போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். போல்ட்டைக் கழற்றிப் புதிய பாகத்தை வைத்து, குறித்த அளவு முறுக்குவிசையில் இறுக்கினால் முடிந்தது. அந்த இறுக்கம் மட்டும் தவறக் கூடாது, ஏனெனில் மோதலின் விசை கடைசியில் அந்தப் போல்ட்டில்தான் வந்து நிற்கும்.

கடினமான வேலை பணிமனைக்கு வெளியே இருந்தது. 1986 ஆம் ஆண்டு மாடல் கார் 1995 இல் எத்தனை கை மாறியிருக்கும்? வண்டி எண்ணைத் தட்டினால் திரும்பப்பெறல் விவரம் வந்துவிழும் இணையத் தேடல் அன்று கிடையாது. மாநிலங்களின் வாகனப் பதிவேட்டில் இருந்த முகவரிக்குத் தபாலில் கடிதம் போகும். முகவரி மாறியிருந்தால், கடிதத்தைப் பிரித்துப் பார்க்காமல் குப்பையில் போட்டிருந்தால், அந்தக் கார் பழைய பொத்தானோடுதான் ஓடும். மூன்றாவது கை, நான்காவது கையாகப் பழைய கார் வாங்கியவர்களுக்குச் செய்தி போய்ச் சேர்வதே கடினம் என்பது எல்லாத் திரும்பப்பெறல்களிலும் உள்ள குறை.

அபராதம்

குறைபாடு ஒன்று பாதுகாப்பைப் பாதிப்பது என்று தீர்மானித்த 5 வேலை நாட்களுக்குள் நிறுவனம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. இந்தப் பூட்டுகளின் ஆபத்தை ஹோண்டா குறைந்தது 5 ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது என்று பாதுகாப்பு நிர்வாகம் கருதியது. உரிய காலத்தில் அறிவிக்கத் தவறியதற்காக ஹோண்டாவுக்கும் டகாட்டாவுக்கும் தலா 50,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

கணக்கிட்டுப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து ஒரு இலட்சம் டாலர். 84 இலட்சம் வாகனங்களுக்குப் பங்கிட்டால் வண்டிக்கு ஒன்றேகால் சென்ட்டுக்கும் குறைவு. அன்றைய சட்டத்தில் தொடர்புடைய மீறல்கள் அனைத்துக்குமான உச்ச வரம்பே 8 இலட்சம் டாலர்தான். போர்டு வண்டிகளில் பயர்ஸ்டோன் டயர்கள் பிளந்து பலர் இறந்த பிறகு, 2000 ஆம் ஆண்டில் புதிய சட்டம் வந்தது. அது உச்ச வரம்பை 150 இலட்சம் டாலராக உயர்த்தியது. தங்களுக்கு வரும் இறப்பு, காயம் தொடர்பான கோரிக்கைகளை நிறுவனங்கள் அவ்வப்போது அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் ஆக்கியது. இந்த விதி 1990 இல் இருந்திருந்தால் பொத்தான் விவகாரம் அவ்வளவு நாள் மறைந்திருக்குமா என்பது ஐயமே.

பின்னர்

டகாட்டாவின் தொடக்கம் நெசவு. 1933 இல் ஜப்பானின் ஷிகா மாகாணத்தில் டகேசோ டகாடா தொடங்கிய துணி ஆலை, போர்க்காலத்தில் பாராசூட் கயிறு செய்தது. 1960 வாக்கில் சீட் பெல்ட் தயாரிப்புக்கு வந்தது. பட்டி நெய்வதில் அந்த நிறுவனம் தேர்ந்ததுதான். அதை 1995 வீழ்த்தவில்லை. அதற்குப் பின்னும் அது வளர்ந்து, காற்றுப்பைகளில் உலகின் பெரிய நிறுவனங்களில் ஒன்றாயிற்று.

அந்தக் காற்றுப்பைகளை விரியச் செய்ய அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. வெப்பமும் ஈரமும் பல ஆண்டுகள் படிந்தால் அது சிதைந்து, விரிய வேண்டிய பை வெடித்து உலோகத் துண்டுகளைப் பயணியின் மீது எறிந்தது. முதல் திரும்பப்பெறலை 2008 இல் ஹோண்டா அறிவித்தது. அமெரிக்காவில் மட்டும் அது படிப்படியாக ஏறத்தாழ 6 கோடியே 70 இலட்சம் விரிப்பான்கள் வரை சென்றது. முன்பு வெயிலில் பிளாஸ்டிக், இப்போது வெக்கையில் வேதிப்பொருள். இரண்டுமே தொழிற்சாலையை விட்டு வெளியேறும்போது நன்றாக இருந்து, வாடிக்கையாளரின் கையில் மெல்லக் கெட்டவை. பழைய பொத்தான் விவகாரத்தைச் செய்தித்தாள்கள் மறுபடி தோண்டியது இந்த ஒற்றுமையால்தான்.

2017 ஜனவரியில் டகாட்டா அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 100 கோடி டாலர் தண்டத்துக்கு உடன்பட்டது. அதே ஆண்டு ஜூனில் திவால் மனு அளித்தது. அதன் தொழிலின் பெரும்பகுதியை வாங்கிய நிறுவனம் இன்று ஜாய்சன் சேப்டி சிஸ்டம்ஸ் என்ற பெயரில் இயங்குகிறது. 2020 அக்டோபரில், ஷிகா மாகாணத்தின் ஹிகோனே நகரிலுள்ள பழைய டகாட்டா ஆலையில் சீட் பெல்ட் சோதனைத் தரவுகள் மாற்றி எழுதப்பட்டிருந்ததை அந்த நிறுவனமே வெளியிட்டது.